வீட்டில் ஒரு பவளத்திட்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மீன் வாங்கலாம்?" என்பதுதான். அடுத்த கேள்வி விளக்கைப் பற்றி இருக்கும். தண்ணீரைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆகவே இன்று எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கே கொடுக்கப்போகிறேன்.

பவளத்திட்டு இருக்கும் கடல், அளவில் மிகப் பெரியது என்பதாலேயே எளிதில் மாறாதது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அடுத்த மாதமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். வெப்பம் பருவத்தோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அந்த நிதானத்துக்குள் வாழ்ந்து பழகிய உயிர்களை, ஒரே நாளில் எல்லாமே மாறிவிடக்கூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைக்கிறோம். நாம் செய்ய வேண்டிய வேலை முழுவதும், வாங்க வேண்டிய கருவிகள் அத்தனையும், கடலின் மாறாத தன்மையை அந்தப் பெட்டிக்குள் உண்டாக்குவதற்காகத்தான்.

இந்த ஆசைக்கு வயது அதிகம். 1846-இல் அன்னா தின் என்ற இங்கிலாந்துப் பெண்மணி, டார்கீ கடற்கரையில் எடுத்த கடினப் பவளங்களை லண்டனிலிருந்த தம் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. திறந்த ஜன்னல் அருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்று ஏற்ற வேண்டும். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் அந்த வேலையை வீட்டுப் பணிப்பெண் செய்தார். பவளங்கள் உயிரோடு இருந்தன. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பவளங்களைக் காப்பாற்றியது அவருடைய கைகள்.

சரி, தொட்டிக்கு வருவோம். சிறியதில் தொடங்கிப் பழகிக்கொண்டு பிறகு பெரியதற்குப் போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல்நீர்த் தொட்டியில் சிறியதுதான் கடினம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால், 35 ஆக இருந்த உப்பின் அளவு ஏறத்தாழ 39 ஆகிவிடும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் போனாலும், அதே மூன்று நாளில் 37-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மீன் தாங்கிக்கொள்ளலாம். இறாலும் நத்தையும் பவளமும் இப்படிப்பட்ட ஏற்றத்தைத் தாங்குவது கடினம். ஆகவே இடமும் வசதியும் இருந்தால் 150 முதல் 250 லிட்டருக்குள் முதல் தொட்டியை வையுங்கள் என்பதே என் யோசனை. 200 லிட்டர் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். தரை அதைத் தாங்குமா, சமமாக இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். நேரடி வெயில் விழும் இடம் வேண்டாம்.

ஆவியான அளவை ஈடுகட்ட உப்பில்லாத நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மிதவை சுவிட்ச் வைத்த சிறு பம்பு ஒன்று இந்த வேலையைத் தானாகச் செய்யும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அந்தக் கருவியை நான் விலையுயர்ந்த விளக்கைவிட மேலாக மதிக்கிறேன்.

குழாய் நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். குளோரின் ஒருபுறம் இருக்க, பாஸ்பேட், சிலிக்கேட், பழைய குழாய்களிலிருந்து வரும் தாமிரம் எல்லாம் அதில் இருக்கலாம். தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். ஆர்.ஓ. வடிகட்டியோடு அயனிநீக்கி ரெசினும் சேர்ந்த கருவியில் வடித்த நீர்தான் சரி. நீரில் கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை அதில் நனைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த நீரில் பவளத்தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையைத் தனிப் பீப்பாயில் கலக்கி, பம்பு வைத்துச் சுழலவிட்டு, முழுதும் கரைந்து தெளிந்த பிறகு உப்பின் அளவை அளந்து பாருங்கள். அளக்க, ஒளி வளைவதைக் கொண்டு உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை 35 என்று குறித்து விற்கும் அளவைத் திரவத்தைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025-க்கும் 1.026-க்கும் இடையே இருந்தால் போதும்.

இனி பாறை. 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், தம் தொட்டிகளைப் பற்றி ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டியிருந்த பாறை, கொஞ்சம் காற்றுக் குமிழி, வெளிச்சம். அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு. பெரிய வடிகட்டி எதுவும் இல்லை. பாறைதான் வடிகட்டி என்பதை அவருடைய தொட்டிகள் காட்டின. நுண்துளைகள் நிறைந்த பாறையின் மேற்பரப்பில், ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் ஒருவகை பாக்டீரியாக்கள் குடியேறும். ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில் வேறுவகை. இன்று கடலில் எடுக்காத உலர்ந்த பாறையும் கிடைக்கிறது. அதில் வேண்டாத பூச்சிகள் வருவதில்லை, கடலுக்கும் சேதமில்லை. பாக்டீரியாக்கள் குடியேறிப் பழுக்கக் கூடுதல் காலம் ஆகும் என்றாலும் நான் அதையே சிபாரிசு செய்கிறேன். பாறைகளை மணல் கொட்டுவதற்கு முன்பே கண்ணாடித் தளத்தின் மேல் நேராக அடுக்குங்கள். மணல்மேல் அடுக்கினால், அடியில் தோண்டுகிற மீனோ இறாலோ ஒருநாள் அதைச் சரித்துவிடும். இடையிடையே நீர் புகுந்து வர இடைவெளி விடுங்கள்.

இப்போது வருகிற கட்டம்தான் ஆசையோடு வந்தவர்களை அதிகம் சோதிப்பது. தொட்டியில் நீர் இருக்கிறது, பாறை இருக்கிறது, உயிர் என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இப்படியே நான்கு முதல் ஆறு வாரம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், விட்டுவைக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருவது அம்மோனியா, அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் குறைந்த அளவில் கெடுதல் செய்யாது. இந்த பாக்டீரியாக்கள் பெருகுவதற்குத்தான் இத்தனை வாரம்.

அவற்றுக்கு உணவாக, புட்டியில் விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலைப் பத்து லட்சத்தில் 2 பங்கு அளவுக்கு வரும்படி விடுங்கள். சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்துத் துளிமருந்தை விட்டால், அம்மோனியா இருக்கும் வரை நிறம் பச்சையாக மாறும். ஒருநாள் அந்தப் பச்சை வெளிறும். பிறகு வெறும் மஞ்சளாகவே நிற்கும். நைட்ரைட் ஏறி அதுவும் விழும். இடப்பட்ட அம்மோனியா ஒரே நாளில் காணாமல்போய், நைட்ரைட்டும் பூஜ்யமாக நின்றால் தொட்டி தயார். வெறும் தண்ணீரில் நடக்கும் இந்த மாற்றத்தைச் சோதனைக் குழாயில் பார்ப்பதுதான் இந்தக் கலையின் முதல் மகிழ்ச்சி என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வேன். இதற்காக ஒரு டாம்செல் மீனை வாங்கி உள்ளே விட்டு, அது அம்மோனியாவில் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது கொடுமை. வேண்டவே வேண்டாம்.

பிறகு விளக்கைப் போட்டதும் மணல்மேல் பழுப்பு நிறத்தில் டயட்டம் என்ற நுண்பாசி படரும். அதைத் தொடர்ந்து பச்சை இழைப்பாசி வரும். செந்நிற ஏடாக, பாசிபோல் தெரியும் சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியாவும் வரலாம். எல்லாப் புதிய தொட்டிகளும் இந்த அழகற்ற பருவத்தைக் கடக்கின்றன. மருந்து ஊற்றத் தேவையில்லை. டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகள் சிலவற்றை விடுங்கள், வாரம் பத்து சதவீத நீரை மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். இதில் இன்னொன்றும் உண்டு. பாசிக்குப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால், டைனோஃபிளஜெல்லேட் என்ற நுண்ணுயிரால் பிசுபிசுப்பான தொல்லை தலைதூக்கும். அதை ஒழிப்பது பாசியை ஒழிப்பதைவிடக் கடினம். பவளத்துக்கும் அந்தச் சத்துகள் சிறிதளவு வேண்டும்.

முதல் மீனாக, பண்ணையில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இரண்டை வாங்கலாம். எல்லாக் கோமாளி மீன்களும் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்கும். இரண்டில் பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும். ஆகவே சிறிதும் பெரிதுமாக இரண்டு குஞ்சுகள் எடுத்தால் ஜோடி தானாக அமையும். கடலில் அவை அண்டி வாழும் கடற்சாமந்தி என்ற உயிர் இல்லாமலே அவை நன்றாக வாழும். கடற்சாமந்திக்கு முதிர்ந்த தொட்டி வேண்டும்; இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்துபோய்ப் பம்பில் சிக்கிச் செத்து, தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். நீல டாங் மீனைக் கேட்காத குழந்தை கிடையாது. அது 30 சென்டிமீட்டர் வரை வளர்வது, நீந்த நீண்ட இடம் கேட்பது. சொன்னால் குழந்தைகளுக்குப் புரியும்.

எந்த மீனையும் நேராகத் தொட்டிக்குள் விடாமல் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி நோய் உள்ளே நுழைந்துவிட்டால், அதைத் தீர்க்கும் தாமிர மருந்தைப் பவளத்தொட்டியில் ஊற்ற முடியாது. மீன்களை வெளியே எடுத்து மருத்துவம் செய்து, தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விட வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு.

பவளத்தின் தசைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பகலில் அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்து பவளத்துக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் நீலம் மிகுந்த நல்ல விளக்கும், எட்டு முதல் பத்து மணி நேர ஒழுங்கான பகலும் தேவைப்படுகின்றன. புதிய பவளத்துக்கு விளக்கைக் குறைத்து வைத்துத் தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். வெளிச்சமோ வெப்பமோ மிஞ்சினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். பெருங்கடல்களில் இன்று நடந்துகொண்டிருப்பதும் அதுவே. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வை 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் உறுதிசெய்தார்கள். தொட்டியில் 25, 26 டிகிரியைப் பிடித்து நில்லுங்கள்.

கடினப் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட, நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. நீரில் உள்ள கார்பனேட்டைக் காட்டும் காரத்தன்மை, டி.கே.எச். என்ற அலகில் 8 அல்லது 9, கால்சியம் 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு, மக்னீசியம் 1300 பி.பி.எம். அளவில் இருந்தால் நல்லது. ஆனால் 7.5-இல் அசையாமல் நிற்கும் காரத்தன்மை, 8-க்கும் 10-க்கும் இடையே ஊசலாடும் காரத்தன்மையைவிடப் பவளத்துக்கு உகந்தது. அளவு சற்றுக் குறைந்திருப்பதைக் கண்டதும் ஒரே நாளில் சரிசெய்யப் பாய்கிற அவசரம் பல தொட்டிகளை அழித்திருக்கிறது. நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். தொட்டியின் எல்லா மின்கருவிகளும் மின்கசிவு தடுப்பு சுவிட்ச் வழியாகவே செல்லட்டும். வயர் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறினால், வயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. மற்றொன்று, ஜோயாந்திட் வகைப் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவற்றைக் கையாளும்போது கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். அவை ஒட்டிய பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

முதல் பவளமாக டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்தையோ, சார்கோஃபைட்டன் என்ற தோல் பவளத்தையோ தேர்ந்தெடுங்கள். இவை சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கடினப் பவளங்கள் அனைத்தும் சைட்டஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அதற்கு மேலும் உங்கள் நாட்டுச் சட்டம் பவளம் வைத்திருப்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை, தொட்டி வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி உண்டென்றால், இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிய துண்டை மட்டும் வாங்குங்கள். பூச்சி நீக்கும் கரைசலில் முக்கி எடுத்து, தொட்டியின் அடிப்பகுதியில், நீரோட்டம் நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். தோல் பவளம் சில நாள் சுருங்கி, மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் போர்த்திக் கிடக்கும். அது தன் மேல்தோலை உரித்துக்கொள்ளும் வழக்கம். தொட்டு நகர்த்தாமல் விடுங்கள். படலம் கழன்று மொட்டுகள் விரிந்து, மூன்று வாரம் அப்படியே தொடர்ந்து விரிந்திருந்தால், அடுத்த துண்டை வாங்கலாம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.