தோலில் ஆறாத தொற்றா? நாயின் சிறுநீரையும் பாருங்கள்

[காட்சி: விடாமல் சொறியும் நாய். வயிற்றுத் தோலில் சிவப்புத் திட்டுகள், சீழ்க் கொப்புளங்கள்]

குரல்: மாத்திரை கொடுத்தால் ஆறுகிறது. நிறுத்திய சில வாரங்களில் மறுபடி வந்துவிடுகிறது. இப்படி மாதக்கணக்கில் தோல் தொற்றோடு போராடும் நாய் உங்களிடம் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துவிடலாமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். தோல் தொற்று வந்த நாய்க்கெல்லாம் சிறுநீரகம் கெட்டுவிடாது. ஒருமுறை வந்து ஆறிப்போனதற்கு இந்தக் கவலையே தேவையில்லை. ஆறாமல் இழுத்துக்கொண்டே போவதுதான் பிரச்சினை.

[காட்சி: சிறுநீரகத்தின் உட்புறம், அசைவூட்டப் படம்]

சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள் இருக்கின்றன. பெயர் குளோமெருலஸ். ரத்தத்தை வடிகட்டுவது இவைதான். தண்ணீரும் கழிவும் இறங்கிவிடும். அல்புமின் போன்ற புரதம் ரத்தத்திலேயே தங்கிவிடும்.

உடலில் எங்கோ ஓரிடத்தில் தொற்றோ அழற்சியோ நீண்ட நாள் இருந்தால், எதிர்ப்புப் புரதங்களும் கிருமித் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். அவற்றில் சில இந்த வடிகட்டியின் சுவரில் போய்ப் படியலாம். படிந்த இடம் வீங்கிப் புண்ணாகும், புரதம் கசியத் தொடங்கும். கசிந்த புரதம் அடுத்திருக்கும் நுண்குழாய்களையும் பாதிக்கிறது. அதனால்தான் இதை வெறும் அறிகுறி என்று விட்டுவிட முடியாது.

[காட்சி: ரத்தப் பரிசோதனை அறிக்கை]

"ரத்தத்தில் கிரியேட்டினின் சரியாகத்தானே இருக்கிறது?" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் 75 சதவீதம் போன பிறகுதான் கிரியேட்டினின் பெரும்பாலும் இயல்பு அளவைத் தாண்டும். புரதக் கசிவு அதற்கு வெகு முன்பே தெரியலாம். என் அழுத்தமான கருத்து: நாள்பட்ட தோல் நோய் உள்ள நாய்க்கு ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை ஆரம்பத்துக்கு உதவும். ஆனால் சிறுநீர் காரத்தன்மையோடு இருந்தால் இல்லாத புரதத்தையும் காட்டிவிடும். உறுதிசெய்ய யுபிசி வேண்டும். சிறுநீரில் உள்ள புரதத்தையும் கிரியேட்டினினையும் ஒப்பிடும் விகிதம் அது.

[திரையில்: 0.2-க்குக் கீழே இயல்பு. 0.2 முதல் 0.5 வரை எல்லைக்கோடு. 0.5-க்கு மேல் புரதக் கசிவு]

ஒரே ஒரு முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தாலும் எண் ஏறும். குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்து, அப்போதும் உயர்ந்திருந்தால்தான் அது நிலையான கசிவு. வீட்டில் நீங்களே பிடிப்பதானால், காலையில் முதலில் போகும் சிறுநீரில் நடுப்பகுதியைச் சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் பிடியுங்கள். புண்ணில் வழியும் சீழ் அதில் கலந்துவிடக் கூடாது.

இன்னொன்று. தோல் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கே உள்ளே வேறு காரணம் இருக்கலாம். குஷிங் நோய், அதாவது உடலில் கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிப்போகும் நோய், தோலையும் கெடுக்கும், சிறுநீரில் புரதத்தையும் ஏற்றும். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி நோய் உள்ள பகுதிகளில் அதுவும் அப்படித்தான். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டுகூட யுபிசியை உயர்த்தும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

[காட்சி: டாக்டர் நாயின் ரத்த அழுத்தம் பார்க்கிறார்]

சிகிச்சையில் முதல் வேலை மூலக் காரணத்தை அடக்குவது. தொற்று முழுவதும் ஆறினால் கசிவு குறைய வாய்ப்பு உண்டு. குறையாவிட்டால் சிறுநீரக உணவு, புரதக் கசிவைக் குறைக்கும் பெனாசெப்ரில் அல்லது டெல்மிசார்டன் மாத்திரை, ரத்த அழுத்தக் கண்காணிப்பு என்று டாக்டர் போவார். இந்த மாத்திரைகளைத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பிடிவாதமான தோல் தொற்றுக்கு அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசி பேச்சு வந்தால், புரதக் கசிவு இருப்பதை முதலில் நினைவூட்டுங்கள். இரண்டுமே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.