ஒரே சில்லு, இரண்டு விலை

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் வாங்கப் போனால் ஒரே பெயரில் இரண்டு ப்ராசஸர், அதாவது கணினியின் மூளையான சில்லு, காட்டுவார்கள். கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் விலை குறைவு. எதை எடுத்துவிட்டு விலையைக் குறைத்தார்கள் என்று கேட்டால் பல கடைகளில் சரியான பதில் வராது.

இது பழைய பழக்கம். 1989-இல் சில்லு தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் 486 என்ற ப்ராசஸரைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 386-இல் தசமக் கணக்குகளை வேகமாகப் போட வேண்டுமென்றால் 387 என்ற துணைச் சில்லைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். 486-இல் அந்தக் கணக்குப் பிரிவு உள்ளேயே வந்துவிட்டது, விலையும் ஏறிவிட்டது. 1991-இல் போட்டி நிறுவனமான ஏஎம்டி, 40 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 386-ஐ மலிவாக இறக்கியது. இன்டெல் சும்மா இருக்குமா? அதே ஆண்டு விலை குறைந்த 486எஸ்எக்ஸ் வந்தது. முழுச் சில்லுக்கு டிஎக்ஸ் என்று பெயர். எஸ்எக்ஸில் கணக்குப் பிரிவு கிடையாது. கிடையாது என்பதைவிட, ஆரம்பகாலச் சில்லுகளில் அது உள்ளேயே இருந்தது, முடக்கி வைத்திருந்தார்கள் என்பதே சரி.

கடிதம் அடிப்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கட்டட, இயந்திர வரைபடம் போடும் மென்பொருளான ஆட்டோகேட் 12 அந்தப் பிரிவு இல்லாத கணினியில் ஓடவே ஓடாது. சரி, பிறகு அது தேவைப்பட்டால்? அதற்கென்று 487எஸ்எக்ஸ் விற்றார்கள். துணைச் சில்லு என்று பெயர், உண்மையில் அது ஒரு முழு டிஎக்ஸ். 168 கால்களுக்குப் பதில் 169. அதைப் பொருத்தியதும் பழைய எஸ்எக்ஸ் அணைந்துவிடும், எல்லா வேலையையும் புதியதே பார்க்கும். முதலில் காசு கொடுத்து வாங்கியது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். கெட்டிக்கார வியாபாரம்தான்! ஆனாலும் எஸ்எக்ஸை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரண அலுவலக வேலைக்கு அது போதும்.

இன்றைக்கு இன்டெல்லில் பார்க்க வேண்டிய எழுத்து 'எஃப்'. ஐ5-12400, 12400எஃப் இரண்டிலும் 6 கோர் (வேலையைப் பகிர்ந்து செய்யும் உட்பிரிவு), வேகமும் ஒன்றே. எஃப்-இல் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பிரிவு மட்டும் இல்லை. கேம் ஆடுபவர் எப்படியும் தனி கிராபிக்ஸ் கார்டு போடுவார், அவருக்கு எஃப் லாபம். வீட்டில் பிள்ளைகள் படிக்க, பில் போட என்று வாங்குபவர் எஃப் எடுத்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியும் திரையில் ஒன்றும் வராது. அப்புறம் கார்டு வாங்க ஓட வேண்டும், மிச்சம் பிடித்ததற்கு மேலேயே செலவாகும். கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். விலை வித்தியாசம் சிறியதென்றால் எஃப் இல்லாததையே எடுங்கள். கார்டு பழுதாகிச் சர்வீஸுக்குப் போனாலும் கணினியில் வேலை நடக்கும்.