கெட்டவனா, கேட்டவனா?

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘சாதனைக்குக் காரணம் வாய்ப்பா, விடாமுயற்சியா?’ என்பது இன்றைய தலைப்பு. வாய்ப்பின் பக்கம் பேசிய அம்மையார் பெரிய அஸ்திரம் ஒன்றை வீசிவிட்டு அமர்ந்திருக்கிறார். சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைக் கையில் கொடுத்திராவிட்டால் உ. வே. சாமிநாதையர் ஏது என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அதே அஸ்திரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் செலவு மிச்சம்.

1880 அக்டோபர் 21, கும்பகோணம். கல்லூரித் தமிழாசிரியர் சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப், அதாவது நீதிபதி, இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா? அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே பதில். அம்மையார் இதை வாய்ப்பு என்கிறார். எனக்கோ நேர்முகத் தேர்வில் தோற்றதுபோல் தெரிகிறது. நாமாக இருந்தால் வீட்டுக்கு வந்து, ‘பதவித் திமிர்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்போம்.

முதலியார் பிறகு பிரதி கொடுத்தார், உண்மைதான். திறந்தால் புரியவில்லை. இவருடையது சைவ மடத்துப் படிப்பு. நூலோ சமண காப்பியம். ஆசிரியராக இருந்தவர் கும்பகோணத்துச் சமணர் வீட்டு வாசலில் மாணவராகப் போய் நின்றார்.

அடுத்தது ஓலை ஏடு. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கெட்டான்’, ‘கேட்டான்’ இரண்டும் ஒரே வடிவம். பாட்டில் வருபவன் கெட்டவனா, கேட்டவனா? பூச்சி அரித்த இடமாக இருந்தால் ஆளே இருக்கமாட்டான். அந்த ஓர் எழுத்துக்காக இன்னொரு ஊரின் ஏட்டைத் தேட வேண்டும். அது அதே வரியை வேறு சொல்லால் சொல்லும். மூன்றாவது ஏட்டுக்கு மறுபடியும் பயணம். இப்படியே ஏழு ஆண்டுகள் போய், 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அவர் ஒருவரே உழைத்தார் என்று சொல்லமாட்டேன், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அதே ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார். அவரும் எங்கள் அணிதான்!

கரிவலம்வந்தநல்லூர்க் கதை ஒன்று போதும். பழைய பாண்டியர் சேர்த்துவைத்த ஏடுகள் கோவிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் அங்கே போகிறார். ஏடுகள் எங்கே என்றால், ஆகமப்படி ஓமகுண்டம் வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டோம் என்கிறார்கள். சொன்னவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, கடமையை முடித்த திருப்திதான் இருந்திருக்கும். எத்தனை நூல்கள் அந்தப் புகையில் போயினவோ! வாய்ப்பே சாம்பலாகக் கிடக்கிறது, அம்மையாரே. இதற்குப் பிறகும் ஒரு மனிதர் அடுத்த ஊருக்கு வண்டி பூட்டச் சொன்னாரே, அதற்கு உங்கள் அணியில் பெயர் உண்டா? குறுந்தொகையை அவர் பதிப்பித்தது 1937இல், எண்பத்திரண்டு வயதில். நமக்கு அறுபதிலேயே வாட்ஸ்அப் எழுத்து தெரிவதில்லை.

நடுவர் அவர்களே, கணியன் பூங்குன்றனார் பாட்டைச் சொல்லித்தான் இந்த மன்றத்தைத் தொடங்கினீர்கள். அந்தப் பாட்டு உள்ள புறநானூறு அச்சேறியது 1894இல். அதுவரை அது பூச்சிக்கும் நெய்க்கும் தப்பிய சில சுவடிக் கட்டுகளில் கிடந்தது. அவற்றை எடுத்துக் கொடுக்க ஊருக்கொரு முதலியார் காத்திருந்தாரா என்பதை எதிரணித் தலைவர் தம் முறை வரும்போது சொல்லட்டும். நன்றி, வணக்கம்.