கவணும் ஏற்றமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் அஞ்செட்டிப் பக்கம் ஆண்கள் ராத்திரி வீட்டில் படுக்க மாட்டார்கள். யானை வரும். என் சிறுவயதில், பரண் காவலுக்குப் போகும் தாத்தாவின் இடுப்பில் ஒரு கவண் சுற்றியிருக்கும். கற்றாழை நாரில் அவரே பின்னியது. நடுவில் கல் வைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின்னல். ஒரு முனையில் விரலில் மாட்டக் கண்ணி, மறு முனையில் வெறும் முடிச்சு. கண்ணியை நடுவிரலில் மாட்டி, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று. முடிச்சை விட்டதும் நார் சாட்டை மாதிரி சொடுக்கும். கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள் எங்கோ கல் விழும். யானை மேல் படும்படி எறிய மாட்டார். சத்தமே போதும் என்பார்.

இதே காட்சி கலித்தொகையில், குறிஞ்சிக்கலியில் இருக்கிறது. மழை கொட்டும் நடுராத்திரி. புனத்தில் யானை நடக்கும் ஓசை கேட்டு, கானவன் ஆசினி (ஈரப்பலா) மரத்துப் பரணில் ஏறிக் கவண்கல் எறிகிறான். அந்தக் கல் வேங்கைப் பூவைச் சிதறடித்து, ஆசினிப் பழத்தை உதிர்த்து, தேனடையைத் துளைத்து, மாங்கொத்தைக் கலைத்து, வாழை மடலைக் கிழித்து, கடைசியில் ஒரு பலாப்பழத்துக்குள் போய்த் தங்கிவிடுகிறது. கவணின் வேகத்தை இதைவிட அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? வெறுங்கையால் எறியும்போது கல் சுற்றும் வட்டம் கையின் நீளம்தான். கவண் அந்தக் கையை நீட்டிவிடுகிறது. சுற்றும் வேகம் மாறாமல் நீளம் இரண்டு மடங்கானால் கல்லின் வேகமும் இரண்டு மடங்கு. காற்றின் தடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், போய் விழும் தூரம் நாலு மடங்கு!

சரி, இப்போது கிணற்றடிக்கு வாருங்கள். மோட்டார் வருவதற்கு முன் நம் ஊர்க் கிணறுகளில் ஏற்றம் இருந்தது. நட்ட மரத்தின் மேல் நீளமான துலா, ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால். மறு முனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள், அல்லது ஆளே துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். அந்தப் பக்கம் பாரம் இறங்கினால் இந்தப் பக்கம் தண்ணீர் ஏறும்.

அந்தத் துலாவின் நீண்ட முனையில் சாலுக்குப் பதில் ஒரு கவணைக் கட்டிப் பாருங்கள். மதில்களை உடைத்த பெரிய கல்லெறி பொறி அதுதான். சீனாவில் கி.மு. நான்காம் நூற்றாண்டு வாக்கிலேயே, குட்டை முனையில் கயிறுகளைக் கட்டி ஆட்கள் கூட்டமாக இழுத்து எறிந்தார்கள். ஆட்களுக்குப் பதில் மண்ணும் கல்லும் நிரப்பிய பெட்டியைத் தொங்கவிட்டது கி.பி. 12ஆம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடல் நாடுகளில். ஐந்தாண்டுக்கு மேல் பணியாத சீனாவின் சியாங்யாங் நகரை 1273இல் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் படை பிடித்ததில், மேற்காசியாவிலிருந்து வரவழைத்த பொறியாளர்கள் செய்த இந்தப் பொறிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டிலும் இருந்தது. 1301இல் ரந்தம்போர் கோட்டையை முற்றுகையிட்ட அலாவுதீன் கில்ஜியின் தளபதி நுஸ்ரத் கான், கோட்டைக்குள்ளிருந்து வந்த பொறிக்கல் பட்டு இறந்தார். மதுரை மதிலின் பொறிகளை வரிசையாகச் சொல்லும் சிலப்பதிகாரம் "கல்லுமிழ் கவணும்" என்று ஒன்றைக் குறிக்கிறது.

கிரேக்கரும் ரோமரும் வேறு வழியில் போனார்கள். மாட்டின் தசைநாரையோ மயிரையோ திரித்துக் கட்டாக்கி, நடுவில் மரக்கையைச் செருகி முறுக்கினார்கள். தச்சர் ரம்பச் சட்டத்தின் கயிற்றில் குச்சியை விட்டு முறுக்குவாரே, அதே முறுக்குத்தான். ஈரம் பட்டால் நார் தளர்ந்துவிடும். பிள்ளைகளின் உண்டிவில்லோ வயதில் ரொம்பச் சின்னது. சைக்கிள் டியூப் மாதிரி இழுபடும் ரப்பர் 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தக் கண்டுபிடித்த பிறகுதான் வந்தது.

இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது மாணவர்களோடு சேர்ந்து இடுப்புயரத்துக்கு ஒரு கல்லெறி பொறி செய்தேன். பாரத்துக்கு மணல் மூட்டை. முதல் எறிதலில் கல் நேர் மேலே போய் எங்களுக்குப் பின்னால் விழுந்தது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. கவணின் ஒரு முனை துலாவில் நிரந்தரமாகக் கட்டியது, மறு முனை ஓர் ஆணியில் மாட்டியது. ஆணி நேராக நின்றதால் வளையம் சீக்கிரமே கழன்றுவிட்டது. ஆணியைக் கொஞ்சம் வளைத்தோம், கல் முன்னால் போனது. இன்னும் வளைத்தோம், எதிரே தரையில் குத்தியது. அன்று மத்தியானம் முழுக்க அந்த ஆணியோடுதான் போனது. தாத்தாவின் கட்டைவிரல் செய்த வேலையைத்தான் அந்த ஆணி செய்கிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அவருடைய கவண் இன்றும் எங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. மற்ற இடமெல்லாம் நார் சொரசொரவென்று இருக்க, அந்த முடிச்சு மட்டும் புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று இருக்கும்.

வணக்கம்.