மரம் ஏறச் சப்பாத்து வாங்கும்போது: மூக்கை விட்டு நடு அடியைப் பாருங்கள்

[காட்சி: மேசையில் பக்கவாட்டாக ஒரு தோல் சப்பாத்து. ஒரு விரல், குதிக்கும் முன்பாதத்துக்கும் இடைப்பட்ட அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டுகிறது.]

வணக்கம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடையில் போய் வேலைச் சப்பாத்து கேட்டால், முதலில் மூக்கைத்தான் தட்டிக் காட்டுவார்கள். "இரும்பு, பாருங்கோ." கட்டட வேலைக்கு அது சரி. மரத்தில் நின்று வேலை செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த விரல் தொடும் இடத்தை.

காரணம் இதுதான். நிலத்தில் உங்கள் பாரம் குதியிலும் முன்பாதத்திலும் பிரிந்து இறங்கும். கொப்பில் நிற்கும்போது முழுப் பாரமும் நடுப்பாதத்தின் கீழே, இரண்டு மூன்று விரல் அகலத்தில் விழும். அடி வளைந்து கொடுத்தால் பாதத்தின் வளைவு அந்தக் கொப்பைச் சுற்றி அமுங்கும். அரை மணித்தியாலத்தில் உள்ளங்கால் எரியும், மத்தியானத்துக்குள் கெண்டைக்கால் பிடிக்கும். கால் நொந்தவர் பாதத்தை அடிக்கடி மாற்றி வைப்பார். வழுக்குவது அந்த மாற்றத்தில்தான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். தளைநார் போட்டுப் பனை ஏறுவது தனி வித்தை. அங்கே உள்ளங்கால் மரத்தை உணர வேண்டும், சப்பாத்து இடைஞ்சல். நாங்கள் இங்கே பேசுவது பாலை, புளி, வேம்பு, மருது போன்ற கொப்பு விட்ட மரங்களில் கயிறும் ஹார்னஸும் போட்டு ஏறி வெட்டுபவர்களுக்கு.

[காட்சி: இரண்டு கைகள் சப்பாத்தின் குதியையும் மூக்கையும் பிடித்து வளைக்கின்றன.]

நல்ல சப்பாத்தின் அடிக்குள், குதியிலிருந்து முன்பாத மடிப்பு வரை ஒரு விறைப்பான பட்டை இருக்கும். ஷாங்க் என்பார்கள். உருக்கு, நைலோன், கண்ணாடி இழை என்று எதிலும் வரும். அது வெளியே தெரியாது, அதனால் கையால் சோதியுங்கள். ஒரு கையில் குதி, மறு கையில் மூக்கு. மெல்ல வளையுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் மடிந்தால் சரி. நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். பிறகு துணி பிழிவதுபோல முறுக்குங்கள். சுலபமாக முறுகினால் அதுவும் வேண்டாம்.

"ஆணி ஏறாத தகடு இருக்கு" என்று கடைக்காரர் சொல்வார். அது வேறு சாமான். அந்தத் தகடு மெல்லியது, காலோடு வளையும்படியே செய்யப்பட்டது. ஷாங்கின் வேலையை அது செய்யாது.

கடைக்குப் போகும்போது இரண்டு அங்குல மொத்தத்தில் ஒரு சாண் கம்பு கொண்டுபோங்கள். சப்பாத்தை மாட்டி, லேஸை இறுக்கி, கம்பை நிலத்தில் வைத்து அதன்மேல் நடுப்பாதம் படும்படி ஒற்றைக்காலில் நில்லுங்கள். கையால் எதையாவது பிடித்துக்கொள்ளலாம். மூன்று நிமிடம். கம்பு எங்கே இருக்கிறது என்று உள்ளங்காலுக்குத் துல்லியமாகத் தெரிந்தால் அந்தச் சப்பாத்து மரத்துக்கு ஆகாது.

[காட்சி: கடதாசியில் பாதத்தைச் சுற்றிப் பென்சில் கோடு.]

அளவு. பின்னேரத்தில் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த சொக்ஸையே போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீற்றர் இடம் வேண்டும். லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு குதி எழும்பவே கூடாது. யூகே இலக்கத்தில் ஒரு முழு இலக்கம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர், அரை இலக்கம் 4. சிறு வயதிலிருந்து வெறுங்காலில் நடந்தவர்களின் முன்பாதம் விரிந்திருக்கும். அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு இலக்கம் கூட்டி வாங்குவார்கள். பிழை அங்கேதான். மடிப்பு விரலுக்கு முன்னால் போய்விடும், ஷாங்கும் இடம் மாறிவிடும். அகலமான அச்சில் செய்ததைக் கேளுங்கள்.

இனி இரும்பு மூக்கு. எஸ்3 என்ற பாதுகாப்புச் சப்பாத்துத் தரக் குறி அடித்திருந்தால் மூக்கு 200 ஜூல் அடியைத் தாங்கும். 20 கிலோ பாரம் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவது கிட்டத்தட்ட அவ்வளவு. வெட்டிய கட்டை கீழே நிற்பவர் காலில் விழலாம், ஆகவே மூக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உருண்டு பருத்த மூக்கு கவர்க் கொப்புக்குள் நுழையாது, நுழைந்தால் இறுகும். ஒடுங்கிய மூக்கைத் தேடுங்கள். எஸ்3 அடி முள்ளையும் தடுக்கும் என்று முழுதாக நம்ப வேண்டாம். துணியால் செய்த தடுப்புள்ள பல சப்பாத்துகளைச் சோதிக்கும் ஆணி 4.5 மில்லிமீற்றர் மொத்தம். விளாத்தி முள்ளும் உடை முள்ளும் அதைவிட எவ்வளவோ மெல்லியவை.

[காட்சி: சப்பாத்தின் நாக்கில் கேடயத்துக்குள் வாள் படம்.]

செயின் வாளோடு ஏறுபவர்கள் இந்த அடையாளத்தைத் தேடுங்கள். இஎன் ஐஎஸ்ஓ 17249 என்ற தரம். வகுப்பு 1 என்றால் சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடும்போது சோதித்தது, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. சப்பாத்துக்குள் இருக்கும் இழைகளைச் சங்கிலி இழுத்தெடுக்க, அவை வாளின் பற்சக்கரத்தில் சிக்கி, சங்கிலி நின்றுவிடும் என்பதே பல சப்பாத்துகளின் தத்துவம். வெறும் தோலும் இரும்பு மூக்கும் அதைச் செய்யாது. வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்து இரும்புச் சிதறல் உள்ளே புதைந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. பட்டை மூடி வளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. அதில் சங்கிலி பட்டால் வாள் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: கண்ணிவெடி எச்சரிக்கைக்கு மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்குள் எந்தச் சப்பாத்தும் உங்களைக் காக்காது. அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

அடி றப்பராக இருக்கட்டும். மாரி மழையில் நனைந்த மருதின் வழவழப்பான பட்டையில் கடினமான பிளாஸ்ரிக் அடி நிற்காது. பல் 5 மில்லிமீற்றராவது ஆழம் வேண்டும், இடைவெளி அகலமாக இருக்க வேண்டும். நெருக்கமான பல்லில் வயல் களி அப்பிவிட்டால் நீங்கள் களியின்மேல்தான் நிற்கிறீர்கள். ஏறமுன் குதியை வேரில் தட்டி, கம்பால் சுரண்டுங்கள். குதி படிபோல நேராக வெட்டியிருக்க வேண்டும். வெட்டி விழுத்தப்போகும் மரத்தில் காலில் இரும்பு முள் கட்டி ஏறுபவர்களுக்கு, முள்ளின் மிதி அந்தப் படியில்தான் தங்கும். உயிரோடு விடும் மரத்தில் முள் போடாதீர்கள், ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

உயரம் 8 அங்குலம் போதும். கணுக்காலை மூடும், சருகுக்குள் நடக்கும்போது புடையனுக்கும் ஓரளவு காப்பு. லேஸுக்குத் திறந்த கொக்கிகள் வேண்டாம், கயிறும் சுள்ளியும் மாட்டும். மூடிய வளையமே நல்லது. கணுக்கால் மடியும் இடத்தில் லேஸை ஒன்றுக்கு இரண்டு தரம் சுற்றி இறுக்கினால் குதி பூட்டுப்போட்டதுபோல் நிற்கும். முடிச்சின் காதுகளை உள்ளே செருகிவிடுங்கள்.

நீர் புகாத உள்சவ்வு உள்ளது விலை கூட. எங்கள் வெயிலுக்கு வியர்வை உள்ளேயே நிற்கும். தடித்த முழுத்தோல் சப்பாத்தும், மாற்றுவதற்கு இன்னொரு சோடி சொக்ஸும் மேல் என்பதே எங்கள் கருத்து.

[காட்சி: சப்பாத்தின் அடியில் கடிகாரம்போல ஒரு சிறு வட்டம், நடுவில் அம்புக்குறி.]

பலருக்குத் தெரியாத இடம் இது. சுற்றியுள்ள 12 இலக்கங்களும் மாதங்கள், அம்பு காட்டுவது செய்த மாதம், நடுவில் இருப்பது ஆண்டு. பொலியூரித்தேன் (ஒரு வகைப் பிளாஸ்ரிக்) அடி ஈரத்தாலும் சூட்டாலும் தானாகவே சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். நான்கைந்து வருடம் கடையில் கிடந்ததை மலிவென்று வாங்கினால், பளபளவென்று இருக்கும், ஒரு நாள் கொப்பில் வைத்து அடி ரஸ்க் பிஸ்கட்போல உடைந்து விழும். அடியின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். வெடிப்போ மாவோ தெரிந்தால் வேண்டாம். வெல்ட் தையல் (ஓரத்துத் தோல் பட்டையோடு அடியைத் தைப்பது) போட்ட றப்பர் அடி என்றால் தேய்ந்த பிறகு புது அடி தைக்கலாம். ஒட்டிய அடிக்கு அந்த வசதி இல்லை.

புதுச் சப்பாத்தோடு நேரே மரத்தில் ஏறாதீர்கள். முதல் இரண்டு கிழமை நிலத்து வேலைக்கு, அரைநாள் அரைநாளாகப் போடுங்கள். சூடாக உரசும் இடத்தில் கொப்புளம் வரமுன்பே பிளாஸ்டர் ஒட்டுங்கள்.

நனைந்தால் உள்தட்டை வெளியே எடுத்து, உள்ளே பத்திரிகைத் தாள் திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தாளை இரண்டு மூன்று தரம் மாற்றுங்கள். அடுப்பங்கரையில் காயவைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். தேங்காய் எண்ணெய் பூசுவதை விடுங்கள், தோல் தொளதொளத்துக் கணுக்காலைப் பிடிக்காது. மெழுகு கலந்த சப்பாத்துப் பூச்சு போதும். பெற்றோலும் செயின் எண்ணெயும் சிந்தினால் அன்றே துடையுங்கள், பசையையும் றப்பரையும் அவை கெடுக்கும்.

காலையில் போடமுன் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். தேள் இரவில் தேடுவது இப்படியான இருட்டைத்தான்.