கரைதான் கஷ்டம்

நேயர்களுக்கு வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் நீர் விளையாட்டுகளில் தன்னார்வலராக இருப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் தண்ணீர் சுலபம், கரைதான் கஷ்டம்.

மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண சக்கர நாற்காலி அந்த மணலில் இரண்டடி போவதற்குள் புதைந்துவிடும். 2022 நவம்பர் கடைசியில்தான் 263 மீட்டர் நீளத்துக்கு அங்கே நிரந்தர மரப்பாதை வந்தது. வந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, அப்புறம் சரிசெய்தார்கள். அதுவரை சென்னையிலேயே இருந்துகொண்டு கடலைச் சாலையிலிருந்து மட்டும் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

நீச்சல் குளத்திலும் இதே கதைதான். ஒரு குளத்தில் அனுமதி கேட்டபோது, "ரிஸ்க் சார், ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 30ஆம் பிரிவில் விளையாட்டைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. ஆனால் சட்டப் புத்தகத்தைக் காட்டியா குளத்தில் இறங்க முடியும்? பேசிப் பேசித்தான் கதவு திறந்தது.

சரி, தண்ணீர் ஓரம் வந்தாயிற்று. இங்கேதான் புதிதாக வருபவர்கள் அவசரப்படுவார்கள். கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கப் போய்விடுவார்கள். "எப்படிப் பிடிக்கட்டும்?" என்று முதலில் கேட்க வேண்டும். "தம்பி, அக்குள்ல கை வைக்காதீங்க, முட்டிக்குக் கீழே ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்" என்று அவரே சொல்லிவிடுவார். அந்த உடம்போடு வாழ்கிறவருக்குத் தெரியாதது நமக்கா தெரியும்?

தண்டுவடம் அடிபட்டவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். வெயிலில் காய்ந்த படகுப் பலகையில் உட்கார வைத்தால் தோல் சுட்டுவிடும்; அவருக்கு அது உறைக்காது. அப்படி வரும் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் உட்காரும் இடத்தை நம் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, ஈரத் துணியோ மெத்தையோ போட்ட பிறகே உட்கார வைக்கிறோம். அடிபட்ட இடம் நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ என்றால், திடீரென்று தலைவலி, முகம் சிவப்பது, வியர்ப்பது ஆபத்தான அறிகுறிகள். இறுக்கமான பட்டியோ நிரம்பிய சிறுநீர்ப் பையோகூட ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டியைத் தளர்த்தி, பையைப் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் மருத்துவமனைதான்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். லண்டனில் ஊனமுற்ற சிறுமிகள் படித்த ஹாலிவிக் பள்ளியில், ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் 1949இல் ஒரு நீச்சல் முறையை உருவாக்கினார். மிதவை எதுவும் கட்டுவதில்லை. ஒருவருக்கு ஒரு துணை. முதல் பாடம், முகம் நீரைத் தொட்டதும் மூச்சை வெளியே ஊதுவது. பக்கவாதம் வந்த உடம்பு நீரில் ஒரு பக்கமாக உருளும். தலையைக் கொஞ்சம் திருப்பி அந்த உருளலை நிறுத்தக் கற்றுத்தருவார்கள். அங்கே யாரும் நோயாளி இல்லை, எல்லோருக்கும் நீச்சல்காரர் என்றே பெயர். எனக்கு இந்த முறையின் மேல் தனிப் பிரியம்.

படகில் மட்டும் பட்டி தேவைப்படும். பாரா துடுப்புப் படகுப் போட்டியில், தோளும் கையும் மட்டும் இயங்குபவர்களுக்கு நெஞ்சில் பட்டி போடுகிறார்கள். ஒரே இழுப்பில் அது கழன்றுவிட வேண்டும் என்பது விதி. ஏரியில் பொழுதுபோக்காக ஓட்டினாலும் இதை விடக்கூடாது. கரையிலேயே அவர் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ் போபால் ஏரியில் பயிற்சி எடுத்து, டோக்கியோ பாராலிம்பிக்ஸ் படகுப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை போனார். அவர் பெயரைச் சொன்னால் "எங்க பொண்ணுக்குச் சளி பிடிக்குமே" என்று தயங்கும் அம்மாக்கள்கூடக் காது கொடுக்கிறார்கள்.

நீச்சல் தெரியாதே என்று நீங்கள் நினைக்கலாம். பரவாயில்லை, கரையில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. ஊன்றுகோலை வாங்கி வைக்க, துண்டு எடுத்துக் கொடுக்க, பார்வையற்றவருக்கு "அலை வருது" என்று குரல் கொடுக்க ஆள் வேண்டும். முக்கியமாகச் சக்கர நாற்காலி. அவர் நீரில் இருக்கும்போது அதை ஓரமாகத் தள்ளி வைக்காதீர்கள், அதில் நீங்கள் உட்காரவும் வேண்டாம். உப்புக் காற்றும் மணலும் பட்ட சக்கரத்தை ஈரத் துணியால் துடைத்து, அவர் வெளியே வரும் இடத்தில் பிரேக் போட்டு நிறுத்தி வையுங்கள். நன்றி, வணக்கம்.