பேரனுக்கு ஐந்து, பாட்டிக்கு மூன்று

அவைத்தலைவர் அவர்களே, அழைப்பிதழில் பெயர் விடுபட்டும் முகம் சுளிக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் சேர்த்துச் சிறப்பித்த பேராசிரியர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய நூலகர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

துருக்கி மொழி பேசும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் டிஜிட்டல் திறனை எப்படி அளக்கிறார்கள் என்பது எனக்குத் தந்த தலைப்பு. வினாத்தாள், விசைப்பலகை, ஆசிரியர் என்று மூன்று செய்திகள் சொல்கிறேன்.

துருக்கி காசுக்குத் தயங்கிய நாடல்ல. 2010இல் ஃபாத்திஹ் திட்டத்தை அறிவித்து, வகுப்புக்குத் தொடுபலகை, பிள்ளைக்கு டேப்லெட் என்று இறங்கினார்கள். அது முழுதாகப் போய்ச் சேராத 2013இல் ஐசிஐஎல்எஸ் என்ற பன்னாட்டுச் சோதனை நடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி முன் உட்காரவைத்து வேலை வாங்கிய சோதனை. செக் குடியரசின் சராசரி 553, துருக்கியின் சராசரி 361.

மேல்நிலைப் பள்ளிக்கு வந்தால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுப்பது வேறு கருவி. 'என்னால் முடியும்' என்ற வரிக்கு எதிரே, ஒன்றிலிருந்து ஐந்து வரை பிள்ளையே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். ஆங்கில வினாக்களைத் துருக்கி மொழியில் பெயர்த்து, திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டு, ஆல்ஃபா என்ற எண் 0.70ஐத் தாண்டியதும் முத்திரை குத்திவிடுகிறார்கள். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைத்தான் அந்த எண் காட்டும். வேலை தெரியுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

அங்காராவில் ஆசிரியராக இருக்கும் நண்பர் சொன்ன கதை. 'வேகமாகத் தட்டச்சு செய்வேன்' என்ற வரிக்கு ஒரு மாணவன் ஐந்து போட்டிருக்கிறான். அவன் பாட்டி அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். துருக்கிக்கென்றே எஃப் விசைப்பலகை உண்டு. இஹ்சான் சித்கி யெனெர் என்ற ஆசிரியர், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து அமைத்தது, 1955இல் தரப்படுத்தினார்கள். பேரன் பழகியதோ ஆங்கில அமைப்பை ஒட்டிய கியூ விசைப்பலகை. புள்ளி வைத்த 'i', புள்ளியில்லாத 'ı' இரண்டும் துருக்கி மொழியில் தனித்தனி எழுத்து. தம்பி எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துக்கொண்டு போகிறான். பாட்டி பொறுத்துப் பார்த்தார். "தள்ளுடா" என்று தன் பழைய எஃப் பலகையைச் செருகி, ஜன்னலை வேடிக்கை பார்த்தபடியே அரைப் பக்கம் அடித்தார். ஒரு பிழை இல்லை.

"பாட்டி, நீங்க உங்களுக்கு எத்தனை போட்டுப்பீங்க?"

"மூணு. இப்பல்லாம் விரல் வலிக்குது."

(கைதட்டல்)

அந்த வினாத்தாளில் பேரன்தான் ஜெயிப்பான்! சரி, என் பழைய புலம்பலுக்கு வந்துவிட்டேன், தலைவர் சிரிக்கிறார். தாய்மொழி விசைப்பலகையில் ஒரு பத்தி அடிக்கத் தெரியாத பிள்ளைக்கு டிஜிட்டல் திறன் என்று சான்றிதழ் தரக்கூடாது. அங்கே எஃப் என்றால், நம்மிடம் 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அரசாணை இருந்து என்ன, விரலில் இல்லையே? ஏட்டுச் சுரைக்காய்!

ஆசிரியர் பற்றிய மூன்றாவது செய்திக்குள் மணி அடித்துவிட்டார்கள். பள்ளிக் கணினி ஆய்வகங்களில் தமிழ்99 கற்றுத்தரக் கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. டீ குடிக்கப் போகும் வழிதான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா நூலகர் ஐயாவிடம் இருக்கிறது.